மூன்றாம் வாரத்து ஓட்டம்



மாலை வேளையிலே வெள்ளவத்தைக் கடற்கரையை ஒட்டிய மரைன் டிரைவ் வீதியில், துவிச்சக்கரவண்டிகளில் விரைந்து செல்லும் சிறுவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். பம்பலப்பிட்டிக்கு யார் முதலிற் போய்ச் சேருவது என்பது அவர்களிடையே நாள்தோறும் நடைபெறும் வழக்கு. அவ்வழக்கு பத்து நிமிடத்திலே தீர்ந்துவிடும். வலிய கால் படைத்தவன் வெல்வான். மற்றவர்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று கூறி வீடு திரும்புவார்கள்.

இப்போட்டி பத்து நிமிடத்தில் முடியாது, மூன்று வாரங்களுக்கு நீடிக்குமானால் அப்பொழுது வெல்பவன் யார்? முதல் நாள் வென்றவனே கடைசி நாளும் வெல்வானா? இவ்வினா வெறும் கற்பனை வினாவன்று. பிரான்சு தேசத்திலே நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினாவை எழுப்பி, ஆண்டுதோறும் அதற்கு விடை கண்டு வருகிறார்கள். 'தூர் த பிரான்ஸ்' என்று அப்போட்டிக்குப் பெயர். பிரான்சைச் சுற்றி வருதல் என்பது அதன் பொருள். அப்போட்டியின் இறுதி வாரத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலிலே போட்டியின் அமைப்பைச் சுருங்கக் கூறிவிடுகிறேன். வழக்கமாக யூலை மாதத்தில், அதாவது நமது ஆனி, ஆடி மாதங்களில், இது நடைபெறுகிறது. மொத்தம் 23 நாட்கள். அவற்றில் 2 நாட்கள் ஓய்வு. எஞ்சிய 21 நாட்களும் ஓட்டம். ஒவ்வொரு நாளைய ஓட்டத்தையும் ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். கடக்கவேண்டிய தூரம் ஏறத்தாழ 3,300 முதல் 3,500 கிலோமீற்றர். நம் இலங்கைத் தீவின் கரையோரத்தின் நீளம் ஏறத்தாழ 1,340 கிலோமீற்றர். ஆகவே, கொழும்பிலிருந்து புறப்பட்டுத் தீவைக் கரையோரமாக இரண்டரை முறை சுற்றி வருவதற்கு ஒப்பானது இவ்வோட்டம்.

வெற்றி தோல்வியைக் கணிக்கும் முறை மிக எளிது. ஒவ்வொரு நாளும் வீரன் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். 21 நாட்களின் நேரங்களையும் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை யாருக்கு மிகக் குறைவோ அவரே வெற்றியாளர். அன்றன்று முன்னிற்பவர் மஞ்சட் சட்டை அணிந்து ஓடுவார். 1919 ஆம் ஆண்டிலே தொடங்கிய வழக்கம் இது. இக்கணக்கிலே ஒரு நுட்பம் உண்டு. ஒரு நாளேனும் முதலாவதாக வராத ஒருவர்கூட முழுப் போட்டியையும் வெல்லலாம். 1990 ஆம் ஆண்டில் அமெரிக்க வீரர் கிறெக் லெமொண்ட் அவ்வாறே வென்றார். தனி நாளின் வெற்றி வேறு. 21 நாட்களின் வெற்றி வேறு. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் இறுதி வாரத்தின் இரகசியம் விளங்கிவிடும்.

போட்டி பிறந்த கதை சுவையானது. 'லோத்தோ' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டு, அதன் ஆசிரியர் ஒன்றி டெக்ராஞ்சு என்பவர் 1903 ஆம் ஆண்டில் இதனைத் தொடக்கிவைத்தார். அன்று கட்டங்கள் ஆறே ஆறு. தூரமோ 2,428 கிலோமீற்றர். இரவும் பகலுமாக ஓடினார்கள். புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர். மொறிஸ் காறன் என்பவர் வென்றார். கடைசியாக வந்தவர் அவருக்குப் பின் ஏறத்தாழ 65 மணித்தியாலங்கள் தாமதித்தார். 1910 ஆம் ஆண்டில் பிரெனீஸ் மலைகளும், 1911 ஆம் ஆண்டில் அல்ப்ஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்களும் பாதையிலே சேர்க்கப்பட்டன. அன்று முதல் இது மலைகளின் போட்டியாகவும் ஆயிற்று.

அம்மலைகளின் உயரத்தை நமது அளவுகோலால் அளந்து பார்ப்போம். நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரம் பீதுருதாலகால. அதன் உயரம் 2,524 மீற்றர். அல்ப்ஸ் மலையிலுள்ள கலிபியே என்ற கணவாயின் உயரமோ 2,642 மீற்றர். நாம் அண்ணாந்து பார்க்கும் நம் சிகரத்துக்கும் மேலாக ஒரு தார் வீதி செல்கிறது. அவ்வீதியிலே வண்டியை மிதித்து ஏறவேண்டும். கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு மோட்டார் வண்டியில் ஏறியவர்களுக்குக்கூட, இயந்திரம் எவ்வாறு முனகும் என்பது தெரியும். அத்தகைய ஏற்றங்கள் மூன்று நான்கை ஒரே நாளில் ஏறி இறங்கும்படி சில கட்டங்கள் அமைகின்றன. அத்தகைய கட்டங்கள் பல பெரும்பாலும் இறுதி வாரத்திலேதான் வரும். களைத்த உடலுக்கு முன்னே உயர்ந்த மலையை நிறுத்துவது அமைப்பாளர்களின் திட்டமிட்ட செயல்.

இரண்டு வாரங்கள் ஓடிய உடலின் நிலை என்ன? சாதாரணமாக ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 2,500 கலோரி உணவு போதுமானது. மலைக் கட்டத்தில் ஓடும் வீரன் 5,000 முதல் 8,000 கலோரி வரை செலவிடுகிறான். நம் விஞ்ஞான ஆசிரியர்கள் காபோவைதரேற்று என்று கற்பிக்கும் மாப்பொருள், தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகிறது. அச்சேமிப்பு கடும் உழைப்புக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலங்களுக்கே போதும். கட்டமோ நான்கு, ஐந்து மணித்தியாலம் நீளும். ஆகையால் வீரர்கள் ஓடிக்கொண்டே உண்கிறார்கள். அவர்கள் உண்பவற்றுள் ஒன்று என்ன தெரியுமா? சோறு! சோற்றைக் குழைத்து, இனிப்புச் சேர்த்து, அமுக்கித் துண்டுகளாக வெட்டி, தாளிலே சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் மூதாதையர் யாத்திரைக்குக் கொண்டு சென்ற கட்டுச்சோறு அங்கே வேறு வடிவம் பெற்றிருக்கிறது.

உண்பதனால் மட்டும் உடல் மீண்டுவிடுவதில்லை. மூன்றாம் வாரத்திலே, முன்பு செய்த அதே வேலையைச் செய்யும்போதும் இருதயம் முன்போல விரைந்து துடிக்க மறுக்கிறது. இதனை மருத்துவர்கள் களைப்பின் அடையாளம் என்று கொள்கிறார்கள். குருதியிலே செந்நிறக் கணங்களின் செறிவு நாளுக்கு நாள் குறைகிறது. பசி இருந்தும் உணவு செல்வதில்லை. களைப்பு இருந்தும் உறக்கம் வருவதில்லை. ஆசனம் உராய்ந்த புண் ஆறுவதில்லை. சிறிய தடிமன் காய்ச்சல்கூடப் பெருங்கேடாக முடிகிறது. ஆகவே மூன்றாம் வாரத்திலே எவரும் முதல் வாரத்தைவிட விரைவாக ஓடுவதில்லை. எல்லாரும் தேய்கிறார்கள். யார் மிகக் குறைவாகத் தேய்ந்திருக்கிறாரோ அவர் முன்னே செல்வதுபோலத் தோன்றுகிறது. வேகம் கூடியவன் அல்லன், வேகம் குறையாதவனே வெல்கிறான். இன்று நான் கூற வந்த செய்தியின் சாரம் இதுதான். இனி அதற்குச் சான்றுகள் சில காட்டுகிறேன்.

1948 ஆம் ஆண்டு. இத்தாலிய வீரர் ஜினோ பார்த்தாலி பத்து ஆண்டுகளுக்கு முன், 1938 ஆம் ஆண்டில், இப்போட்டியை வென்றவர். இடையிலே உலகப் போர் வந்து அவருடைய சிறந்த ஆண்டுகளை விழுங்கிவிட்டது. 1948 இல் அவருக்கு வயது 34. இளைஞரான லூயிசோன் பொபே மஞ்சட் சட்டை அணிந்து முன்னே ஓட, பார்த்தாலி 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். கிழவர் வீடு திரும்பலாம் என்று பத்திரிகைகள் எழுதின. அதன்பின் அல்ப்ஸ் மலை வந்தது. பார்த்தாலி தொடர்ந்து மூன்று கட்டங்களை வென்றார். பாரிசை அடைந்தபோது, இரண்டாவதாக வந்தவரைக் காட்டிலும் 26 நிமிடங்கள் முந்தியிருந்தார். தோற்ற பொபே சோர்ந்துவிடவில்லை என்பதையும் கூறவேண்டும். 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக அவரே வென்றார். மூன்றாம் வாரம் என்ற ஆசிரியரிடம் பெற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை போலும்.

மிக அண்மைக் காலத்துச் சான்று 2023 ஆம் ஆண்டினுடையது. டென்மார்க்கு வீரர் யோனாஸ் விங்ககோர், சுலோவேனிய வீரர் ததேய் பொகாச்சர் ஆகிய இருவருக்குமிடையே 15 கட்டங்கள் ஓடி முடிந்தபின் இருந்த இடைவெளி 10 செக்கன் மட்டுமே. நான் இவ்வொரு வாக்கியத்தை வாசித்து முடிக்கும் நேரம் அது. 16 ஆம் கட்டத்தில், தனித்தனியே புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடும் ஓட்டத்தில், விங்ககோர் 1 நிமிடம் 38 செக்கன் பெற்றார். மறுநாள் லோஸ் கணவாயின் ஏற்றத்திலே பொகாச்சரின் கால்கள் அவருக்குக் கீழ்ப்படிய மறுத்தன. அன்று ஒரே நாளில் 5 நிமிடம் 45 செக்கன் இழந்தார். முடிவிலே இடைவெளி 7 நிமிடம் 29 செக்கன். அவ்வாண்டு வசந்த காலத்திலே விழுந்து மணிக்கட்டு முறிந்ததனால், பொகாச்சர் வழக்கம்போலப் பயிற்சி செய்ய இயலாது போயிருந்தது. முதலிரு வாரங்களும் அக்குறை மறைந்திருந்தது. மூன்றாம் வாரத்திலே வெளிப்பட்டது. அவரும் 2024, 2025 ஆம் ஆண்டுகளில் மீண்டும் வென்று, தமது வெற்றிகளை நான்காக உயர்த்திக்கொண்டார்.

இறுதி நாள் வரை முடிவு தெரியாதிருந்த போட்டிகளும் உண்டு. அவற்றுள் தலையாயது 1989 ஆம் ஆண்டினுடையது. பிரெஞ்சு வீரர் லோரன் பீஞோன், முன்னர் இருமுறை வென்றவர்; கடைசி நாட் காலையில் கிறெக் லெமொண்டைக் காட்டிலும் 50 செக்கன் முன்னிலையில் இருந்தார். லெமொண்டோ, இரண்டாண்டுகளுக்கு முன் வேட்டைக்குச் சென்ற இடத்திலே தற்செயலாகச் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். துப்பாக்கிச் சன்னங்கள் சில அவருடைய உடலிலே தங்கியிருந்தன. கடைசிக் கட்டம் வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீற்றர், ஒவ்வொருவராகத் தனித்து ஓடவேண்டும். லெமொண்ட் கைப்பிடியிலே ஒரு புதுமையான நீட்டத்தைப் பொருத்தி, உடலை ஒடுக்கி, காற்றைக் கிழித்துச் சென்றார். பீஞோன் பழைய முறையிலே, தலைக்கவசமின்றி, கூந்தல் பின்னே பறக்க ஓடினார். ஆசனப் புண்ணின் வேதனையால் முன்னிரவு அவருக்கு உறக்கமில்லை. அன்று அவர் இழந்தது 58 செக்கன். ஆகவே 3,285 கிலோமீற்றர் ஓடிய பின் 8 செக்கனால் தோற்றார். தூரத்திலே கணக்கிட்டால் ஏறத்தாழ 80 மீற்றர். வெள்ளவத்தைச் சந்தையின் முன் நின்று பார்த்தால் நான்கைந்து கடைகளுக்கு அப்பாலுள்ள தூரம், அவ்வளவுதான். 50 செக்கன் போதும் என்று எண்ணி உறங்கச் சென்ற தேசம், மறுநாள் மாலை வாயடைத்து நின்றது.

2020 ஆம் ஆண்டிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி நடந்தது. அவ்வாண்டு கொள்ளைநோய் காரணமாகப் போட்டி செப்டெம்பர் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. முடிவுக்கு முந்திய நாள் 57 செக்கன் முன்னிலையில் இருந்த பிறிமோஸ் றொக்லிச், 36 கிலோமீற்றர் நீளமான ஒரு தனியோட்டத்திலே யாவற்றையும் இழந்தார். அவரை வென்றவர் அவருடைய நாட்டவரே. 22 வயது நிறைய இரண்டு நாட்கள் இருந்த பொகாச்சர். றொக்லிச் களைத்த முகத்தோடு தம் இளையவரைத் தேடிச் சென்று அணைத்து வாழ்த்தினார். அந்தக் காட்சியை நான் என் மாணாக்கர்க்குப் பலமுறை கூறியிருக்கிறேன்.

இதுவரை தனி வீரரைப் பற்றியே பேசினோம். ஆயின் இவ்வோட்டத்திலே தனி வீரன் என்று எவரும் இல்லை. 2018 ஆம் ஆண்டு முதல் ஓர் அணிக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவரே தலைவர். எஞ்சிய எழுவரும் அவருக்காக உழைப்பவர்கள். இதன் காரணத்தை அறியக் காற்றைப் பற்றி அறியவேண்டும். சோளகக் காற்று வீசும் ஆடி மாதத்தில் மரைன் டிரைவ் வீதியிலே வண்டி ஓட்டிய எவருக்கும் காற்றின் பலம் தெரியும். சமதரையில் விரைந்து ஓடும் வீரனின் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே கழிகிறது. முன்னே ஒருவர் காற்றைத் தள்ளிச் சென்றால், அவர் பின்னே நெருங்கி ஓடுபவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். ஆகவே எழுவரும் மாறிமாறி முன்னே சென்று காற்றைத் தாங்க, தலைவர் பின்னே ஒதுங்கி வருகிறார். குடிநீர்ப் போத்தல்களைச் சட்டைக்குள் திணித்துச் சுமந்து வருபவர்களும், தலைவரின் வண்டி பழுதுபட்டால் தம் வண்டியைக் கொடுத்துவிட்டுத் தெருவோரம் நிற்பவர்களும் அவர்களே. பிரெஞ்சு மொழியில் அவர்களுக்கு வீட்டுப் பணியாள் என்ற பொருளுடைய பெயர் வழங்குகிறது.

1934 ஆம் ஆண்டில் இருபது வயது இளைஞர் ஒருவர், ரெனே வியெத்தோ என்பவர், மலையேற்றத்திலே எல்லாரையும் வியக்கவைத்தார். இறுதிக் கட்டங்கள் நெருங்கும் வேளையில், பிரெனீஸ் மலையிலே அணித்தலைவர் அந்தோனன் மாஞ் என்பவரின் சில்லு உடைந்தது. வியெத்தோ தம் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டியை எதிர்நோக்கித் தெருவோர மதிலின்மேல் அமர்ந்து கண்ணீர் வடித்தார். மறுநாளும் மாஞ்சின் வண்டி பழுதுபட்டது. முன்னே சென்றுவிட்ட வியெத்தோ, செய்தியறிந்து ஏறிய பாதையிலே திரும்பி வந்து தம் வண்டியைக் கொடுத்தார். மாஞ் அவ்வாண்டு வென்றார். வியெத்தோ ஐந்தாவதாக வந்தார். பின்னர் ஒருபோதும் அவர் இப்போட்டியை வெல்லவில்லை. ஆனால் மதிலின்மேல் அமர்ந்து அழும் அவருடைய நிழற்படம், வென்றவரின் நிழற்படத்தைக் காட்டிலும் நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

நமக்கு இது புதிதன்று. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் தேர் வருகிறது. வீதியின் இருமருங்கும் நிற்பவர்கள் தேரின்மேல் இருக்கும் வேலையே நோக்கிக் கைகூப்புகிறார்கள். வடம் பிடித்தவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆயினும் ஊர்கூடி இழுத்தாலன்றித் தேர் அசையாது. அவர்கள் தேர் மஞ்சள் நிறமானது, அவ்வளவே வேறுபாடு.

முன்னே ஓடுபவர்களைப் போலவே பின்னே ஓடுபவர்களுக்கும் இறுதி வாரம் ஒரு சோதனை. ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியாளருக்குப் பின் இத்தனை நிமிடங்களுக்குள் வந்து சேரவேண்டும் என்று நேர எல்லை உண்டு. மலைக் கட்டங்களில் அது ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி வரை இருக்கும். தவறியவர் மறுநாள் ஓட முடியாது. சமதரையிலே மின்னலென விரையும் வீரர்கள் பலர் உடல் கனத்தவர்கள். மலையிலே அவர்களால் ஏற முடிவதில்லை. அவர்கள் யாவரும், அணி வேறுபாட்டை மறந்து, பின்னே ஒரு கூட்டமாகச் சேர்ந்து, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கணக்கிட்டு, எல்லை கடந்துவிடாமல் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கட்ட வெற்றிகளில் 35 என்ற சாதனையை 2024 ஆம் ஆண்டில் நிலைநாட்டிய பிரித்தானியர் மார்க் கவெண்டிஷ், தம் வாழ்நாளிலே பல மலை நாட்களை இப்பின்கூட்டத்தில்தான் கழித்தார். அக்கூட்டம் இல்லையேல் அச்சாதனையும் இல்லை.

எல்லாருக்கும் கடைசியாகப் பாரிசை அடைபவருக்குச் 'சிவப்பு விளக்கு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. இரவு வேளையில் வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்திலே நின்று பார்த்தால், சென்று மறையும் வண்டியின் கடைசிப் பெட்டியிலே சிவந்த விளக்கு ஒன்று தெரியும். அப்பெயரின் பிறப்பிடம் அதுதான். அவ்விளக்கு தெரிந்தாலன்றோ வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று நிலைய அதிபர் அறிவார்? கடைசியாக வந்தவரை அங்கே இகழ்வதில்லை, கைதட்டி வரவேற்கிறார்கள். இடையிலே விலகியவர்கள் பலர் இருக்க, அவர் முடித்துவிட்டாரல்லவா?

இத்துணைச் சிறப்புடைய போட்டிக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. தேய்வதே விதியாகிய ஓட்டத்திலே, தேயாதிருக்க மருந்து தேடும் ஆசை எழுவது இயல்பு. 1967 ஆம் ஆண்டு யூலை 13 ஆந் திகதி, மொன் வாந்து என்ற மொட்டை மலையின் கொடும் வெயிலில், தொம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர் வண்டியிலிருந்து சாய்ந்தார், மீண்டும் ஏறினார், மீண்டும் சாய்ந்து உயிர் நீத்தார். அவருக்கு வயது 29. களைப்பை உணரவிடாது தடுக்கும் ஊக்கமருந்து அவர் உடலிலே இருந்தது. களைப்பு என்பது உடல் நமக்கு அனுப்பும் கடிதம். அதைக் கிழித்தெறிந்தவருக்கு நேர்ந்த கதி அது. 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றதாகக் கொண்டாடப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்றோங்கின் வெற்றிகள் அனைத்தும் 2012 ஆம் ஆண்டிலே பறிக்கப்பட்டன. அவ்வேழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் என்று இன்று எவருடைய பெயரும் இல்லை. அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. 2008 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு வீரரின் குருதி அளவுகளும் தொடர்ந்து பதியப்பட்டு வருகின்றன. மூன்று வார ஓட்டத்திலே குருதியின் செறிவு குறைவதே இயற்கை என்று முன்னர் கூறினேன். குறையாதிருந்தால் ஐயம் எழுகிறது. நேர்மையாகத் தேய்ந்தவனே நேர்மையான வீரன் என்று விஞ்ஞானமும் சொல்கிறது.

இவ்விளையாட்டுக்கும் நம் தீவுக்கும் தொடர்பேயில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று வாரப் போட்டியிலே அல்லாவிடினும், 1960 ஆம் ஆண்டு உரோமாபுரியிலும், 1964 ஆம் ஆண்டு தோக்கியோவிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களிலே மொறிஸ் குமாரவேல் என்ற வீரர் இலங்கையின் சார்பிலே துவிச்சக்கரவண்டி ஓட்டங்களிற் பங்குபற்றினார். நம் சிறுவர்களுக்கு முன்னே சென்ற சில்லின் சுவடு ஒன்று அங்கே இருக்கிறது.

நேயர்களே, பாடசாலை அதிபராகிய எனக்கு இவ்வந்நிய தேசத்து ஓட்டத்திலே இத்துணை ஈடுபாடு ஏன் என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடையாக, நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பாடசாலையிலே மிகச் சிறந்த மாணவன் ஒருவன் இருந்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டையையும் கொள்ளுப்பிட்டியையும் கடந்து துவிச்சக்கரவண்டியிலேயே வருவான். க.பொ.த. உயர்தரப் பரீட்சை, தூர் த பிரான்ஸ் போலவே மூன்று வாரங்களுக்கு மேல் நீள்வது என்பதை நீங்கள் அறிவீர்கள். பரீட்சைக்கு முந்திய மாதம் முழுவதும், மாலையில் மேலதிக வகுப்புகள் நடத்தும்படி நானே ஒழுங்கு செய்தேன். பிள்ளைகள் நன்மை பெறவேண்டும் என்பதே என் நோக்கம். அவ்வகுப்பு முடிய அவன் வெள்ளவத்தையிலே தனியார் வகுப்பொன்றுக்குச் செல்வான். இரவு பத்து மணிக்கு வீடு. விடியற்காலை நான்கு மணிக்கு மீண்டும் புத்தகம். முதல் வார வினாத்தாள்களை அவன் அழகாக எழுதினான். இரண்டாம் வாரம் அவனுடைய முகம் வாடியிருந்ததைக் கண்டேன். 'இன்னும் கொஞ்சம், தம்பி, பொறுத்துக்கொள்' என்று தட்டிக்கொடுத்தேன். மூன்றாம் வாரம், அவனுக்கு மிக வல்ல பாடத்தின் பரீட்சையிலே, மேசைமேல் தலை சாய்த்தவன் எழவில்லை. மயக்கமன்று, உறக்கம். மேற்பார்வையாளர் எழுப்பியபோது நேரம் பெரும்பாலும் கடந்துவிட்டது.

அப்பிள்ளையிடம் குறையில்லை. முதல் வாரத்து வேகத்தைக் கண்டு மகிழ்ந்து, மூன்றாம் வாரத்தை எண்ணிப் பாராதிருந்த குறை என்னுடையது. அவ்வாண்டு யூலை மாதத்திலே, அங்கே மாலை ஐந்து மணியாகவும் இங்கே இரவு எட்டரை மணியாகவும் இருக்கும் வேளையில், என் மகன் தொலைக்காட்சியிலே இந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டம் முடிந்ததும் வீரர்கள் வெற்றியைக் கொண்டாடவில்லை. உடனே உணவு, பின்பு கால்களைப் பிடித்துவிடுதல், பின்பு உறக்கம். நாளை ஓடவேண்டும் என்ற ஒரே நினைவு. ஓய்வு நாளும் போட்டியின் ஒரு பகுதியே என்று விமர்சகர் கூறியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த ஆண்டு முதல் பரீட்சைக்கு முந்திய மாதத்திலே மேலதிக வகுப்புகளை நிறுத்திவிட்டேன். பெற்றோர் சிலர் சினந்தார்கள். வேறு பாடசாலைகளில் நடத்துகிறார்களே என்றார்கள். இரவு பத்து மணிக்கு முன் பிள்ளை உறங்கட்டும், காலையுணவை உண்டபின் வரட்டும் என்று மட்டும் அவர்களைக் கேட்டுக்கொண்டேன். அதனால் அதி விசேட சித்திகள் பெருகின என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வினாத்தாள் வரை எல்லாரும் விழித்திருந்து எழுதினார்கள். கொட்டாஞ்சேனை மாணவனும் அவ்வாண்டு இரண்டாம் முறை தோற்றினான். பெறுபேறு வந்த நாளிலே துவிச்சக்கரவண்டியிலேயே வந்து, வாயிலிலே நின்று சிரித்தான். நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் நீண்ட ஓட்டம் ஓடுகின்ற ஒருவர் இருக்கலாம். பரீட்சை எழுதும் பிள்ளையாக இருக்கலாம். நோயாளியை நெடுநாள் பராமரிக்கும் தாயாக இருக்கலாம். கடனை அடைப்பதற்காக இரவும் பகலும் உழைக்கும் தந்தையாகவும் இருக்கலாம். அவர் இன்று எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று பார்த்து மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். மூன்றாம் வாரத்தில் எப்படி ஓடுவார் என்று எண்ணிப் பாருங்கள். அவருக்கு முன்னே சிறிது நேரம் சென்று நீங்கள் காற்றைத் தாங்குங்கள். ஒரு வாய் சோறும் ஓர் இரவின் உறக்கமும் அவருக்குக் கிடைக்கச் செய்யுங்கள். கடைசியாக வந்தாலும் வந்து சேர்ந்தவரைக் கைதட்டி வரவேற்போம்.